பெயரறியா நோய்களும் சர்க்காரின் கடமையும்

வேப்பம்பட்டில் மின்சார ரயிலேறிச் சென்ட்ரலில் இறங்குவோருக்கு எதிரே தோன்றுவது சென்னை அரசினர் பொது மருத்துவமனை. கைகால் மெலிந்து, நாக்குழறி, செவியும் மந்தமாகிவரும் ஓர் இளைஞனை அவன் தந்தை அங்கு அழைத்துச் சென்றால், வைத்தியர்கள் கூறும் நோயின் பெயரில் நமது நகரத்தின் பெயரே இருக்கக்கூடும். 'மெட்ராஸ் மோட்டார் நியூரான் நோய்' என்று உலகத்து வைத்திய நூல்கள் அதனை வழங்குகின்றன.

1970-ம் ஆண்டில் சென்னை நரம்பியல் நிபுணர்களான மீனாட்சிசுந்தரம், ஜகந்நாதன், ராமமூர்த்தி ஆகியோர் இதனை விவரித்தெழுதினர். தசைகளை இயக்கும் நரம்பணுக்கள் நசிக்கும் நோய் பிற தேசங்களில் பெரும்பாலும் முதிர்ந்தோரைப் பற்றிச் சில ஆண்டுகளில் உயிரைக் குடிக்கிறது. இதுவோ இளம் பிராயத்தில் தோன்றி, மெதுவாகவே முதிர்கிறது. பெரும்பாலும் தென்னிந்தியாவிலேயே காணப்படுகிறது. அரை நூற்றாண்டு கடந்தும் இதன் காரணம் தீர்மானமாக விளங்கவில்லை. அந்நியர் வந்து ஆராய்ந்து சொல்லட்டுமென்று நாம் காத்திருக்கிறோமா?

காரணம் தெரிவதால் என்ன லாபம் என்று கேட்போருமுண்டு. செவிட்டுத்தன்மையும், விழுங்கவும் மூச்சுவிடவும் இயலாமையும் கொண்ட மற்றோர் அபூர்வ நோயை 1894-ல் பிரௌன் என்னும் வைத்தியர் விவரித்தார். அதன் மூலம் புலப்பட 2010 வரை ஆயிற்று. ரைபோபிளேவின் என்னும் பி2 வைட்டமினை உடலில் ஏற்றும் புரதத்திற்குரிய மரபணுவின் பழுதே பலரிடம் காரணமென ஆராய்ச்சியாளர் கண்டனர். அந்த வைட்டமினையே மிகுந்த அளவில் கொடுத்தபோது நோயாளிகள் பலர் தேறினர். மருந்துக் கடையில் சொற்ப விலைக்குக் கிடைக்கும் பொருள் அது! சென்னை நோய்க்கும் அதுவே மருந்தென்று நாம் கூறவில்லை. தேடாதவருக்கு அகப்படாது என்பதே நமது வாதம்.

மத்திய சர்க்கார் 2021-ல் அபூர்வ நோய்களுக்கான கொள்கையை வெளியிட்டது நன்றே. எழும்பூர் குழந்தைகள் நல நிலையமும் அதன்கீழ் ஒரு சிறப்பு மையமாகியிருக்கிறது. 2022 முதல் நோயாளி ஒருவருக்கு 50 லட்ச ரூபாய் வரை உதவி என்றும் அறிவித்தனர். ஆனால் அவ்வுதவி, குறிப்பிட்ட பிரிவுகளில் அடங்கிய நோய்களுக்கே. பெயர் தெரியாத நோயுடன் வருபவன் எந்தப் பிரிவில் தன்னைச் சேர்த்துக்கொள்வான்? ஆஸ்பத்திரிதோறும் அலைந்து, தாலியையும் அடகு வைத்த பின்னும் அவன் வெளியேதான் நிற்கிறான்.

பழுதான மரபணுவைக் கண்டறிய நமது ஜனங்களின் மரபணுக் கணக்கு வேண்டும். சுமார் 10,000 இந்தியரின் மரபணுத் தொகுதி 2025 ஜனவரியில் ஆராய்ச்சியாளருக்குக் கிடைத்தது. அத்தை மகளையும் மாமன் மகளையும் மணக்கும் வழக்கமுள்ள நமது நாட்டில், பெற்றோர் இருவரிடமும் மறைந்திருக்கும் பழுது பிள்ளையிடம் வெளிப்படுவது அதிகம்; ஆகையால் இவ்வாராய்ச்சி நமக்கே முதன்மையாக வேண்டற்பாலது. (இதைச் சொன்னால் சில பெரியவர்கள் முகஞ்சுளிக்கிறார்கள், சுளிக்கட்டும்.)

தொண்டர்கள் தங்கள் சட்டசபை, பார்லிமெண்ட் அங்கத்தினரிடம் கேட்க வேண்டியது இதுவே: கண்டறியப்படாத நோய்களின் ஆராய்ச்சிக்கு வரவு செலவுத் திட்டத்தில் தனி நிதி, மரபியல் நிபுணர்களுக்கு நிரந்தர உத்தியோகம், திருவள்ளூர் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியிலேயே இரத்தமெடுத்து எழும்பூருக்கனுப்பி, முடிவையும் அங்கேயே தெரிவிக்கும் ஏற்பாடு. வேப்பம்பட்டுக் கூலித் தொழிலாளி அதற்காக ஒருநாள் கூலிக்குமேல் இழக்கலாகாது.