மலை சுற்ற வருவோரும் நம் கடைகளும்

ஐப்பசி, கார்த்திகை என்றாலே நம் மளிகைக் கடைக்காரர்களுக்கு மழையும், ஈரச் சாக்கும், தீபாவளிப் பாக்கியும்தான் நினைவுக்கு வரும். கடனுக்குப் போன சரக்கின் பணம் வாடிக்கையாளரிடம் தங்கிவிடும். மொத்த வியாபாரியோ கணக்கை நேர் செய்யச் சொல்லி ஆள் அனுப்புவார். ஆனால் வெயில் தணிந்த இந்த மாதங்களில்தான் ஜனங்கள் மலையை நாடிப் புறப்படுகிறார்கள். மேலை நாட்டார் இலையுதிர் காலத்தில் மலைப் பாதைகளில் நடப்பதையே ஒரு விடுமுறையாகக் கொள்வதுண்டு. நம்மவர்களுக்கு அந்த விடுமுறை பெரும்பாலும் கிரிவலமாக வருகிறது.

செங்கற்பட்டுக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவே இருக்கும் திருக்கழுக்குன்றத்தைப் பற்றியே இங்கு சொல்ல வந்தோம். மலை மேல் வேதகிரீசுவரர், அடிவாரத்தில் பக்தவத்சலேசுவரர். மேலே போக ஐந்நூறுக்கும் அதிகமான படிகள். இந்த மலைக்கு உல்லாசமாக ஏறிப் போவதும் புதிதல்ல. கிழக்கே சதுரங்கப்பட்டினத்தில் கோட்டை கட்டித் துணி வியாபாரம் செய்த டச்சுக்காரர்கள், 17ஆம் நூற்றாண்டில் இம்மலையிலுள்ள ஒருகல் மண்டபத்தில் தங்கள் பெயர்களைச் செதுக்கிவிட்டுப் போயிருக்கிறார்கள். பல்லவர் குடைந்த மண்டபம் என்று பாராமல் உளி வைத்தது அநியாயம்தான். ஆனாலும் அவர்களும் வியாபாரிகளே என்பதைக் குறித்துக் கொள்ளலாம்.

நம் தலைமுறைக்குத் திருக்கழுக்குன்றம் என்றால் கழுகுகள். உச்சிப் பொழுதில் இரண்டு கழுகுகள் பாறையில் வந்து இறங்கிப் பொங்கல் உண்ணும். அதைப் பார்க்கவே பஸ் பஸ்ஸாகக் கூட்டம் வரும். 1990களில் அந்த வருகை நின்றுபோனது. அவை மஞ்சள்முகப் பாறு என்னும் இனம். அந்த ஆண்டுகளில் நாடெங்கும் பாறு இனங்கள் வேகமாகக் குறைந்தன. மாடுகளுக்குப் போட்ட டைக்ளோபினாக் ஊசி மருந்து, செத்த மாட்டின் இறைச்சி வழியாக அவற்றைக் கொன்றதே முக்கிய காரணம் என்று பின்னர் தெரிந்தது. 2006இல் அதைக் கால்நடைகளுக்குப் பயன்படுத்த அரசு தடை விதித்தது. இங்கு வந்த இரண்டும் ஏன் நின்றன என்பதற்கு ஊரில் ஆளுக்கொரு கதை உண்டு.

கழுகுக் கூட்டம் வியாபாரத்துக்குப் பெரிதாக உதவவில்லை என்பதே நம் எண்ணம். பகலில் வந்தவர்கள் பறவையைப் பார்த்தார்கள், கூல்டிரிங்க்ஸ் குடித்தார்கள், மாமல்லபுரம் பஸ் ஏறிவிட்டார்கள். பௌர்ணமிக்கு நடக்க வருபவர் அப்படியல்ல. சாயங்காலம் வருகிறார், குடும்பத்தோடு வருகிறார், நடக்கும்போதே பசிக்கிறது, குழந்தை எதையாவது கேட்கிறது. திருவண்ணாமலையைப் போல 14 கிலோமீட்டர் நடக்க முடியாத வயதானவர்களும் இந்தச் சிறிய மலையைச் சுற்றி வந்துவிடுவார்கள்.

இவர்களுக்கு வேண்டியது பெரிய சரக்கு அல்ல. அகல், திரி, நல்லெண்ணெய், கற்பூரம், தீப்பெட்டி. வாழைப்பழம், கடலை மிட்டாய். மழை இருந்தால் சுக்கு காபி. வெறுங்காலோடு நடப்பவர் ஒரு பிளாஸ்திரி கேட்பார். பல கடைகளில் இருக்காது. ஐந்து விளக்குக்கான எண்ணெயையும் திரியையும் முன்னதாகவே கட்டி வைத்தால் கூட்ட நேரத்தில் கை ஓடும். கட்டுவதற்குக் காகிதமோ மந்தாரை இலையோ போதும். பிளாஸ்டிக் பைகளுக்கு 2019 ஜனவரி 1 முதல் மாநிலத்தில் தடை இருக்கிறது. கிரிவலப் பாதையில் பறக்கும் பை நம் கடையிலிருந்து போனதாக இருக்க வேண்டாம்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். திருவிழா இரவில் 20 ரூபாய் தண்ணீர் பாட்டிலை 25க்கு விற்பது சில இடங்களில் வழக்கமாகிவிட்டது. அச்சிட்ட விலைக்கு மேல் விற்பது சட்டப்படி குற்றம். அது போகட்டும், மாதந்தோறும் வருகிறவர் அந்த ஐந்து ரூபாயை மறக்கமாட்டார். அடுத்த பௌர்ணமிக்கு வீட்டிலிருந்தே தண்ணீர் கொண்டு வருவார். தண்ணீரோடு பழமும் மிட்டாயும் போய்விடும்.

உண்மையான சிக்கல் கார்த்திகைப் பொரியில் இருக்கிறது. தீபத்துக்காகச் சில்லறைக் கடைக்காரர் மூட்டையாக எடுக்கிறார். அன்று மழை பிடித்துக் கொண்டால் கூட்டம் பாதியாகிவிடும். மறுநாள் பொரி நமத்துவிடும், வெல்லம் கசியும். மூட்டையைத் திருப்பி எடுப்பார் இல்லை. நஷ்டம் முழுவதும் சிறிய கடையின் தலையில். சில மாதங்களின் லாபம் ஒரே மழையில் போய்விடும்.

செங்கற்பட்டு மொத்த வியாபாரிகளிடம் நாம் கேட்பது பெரிய சலுகை அல்ல. தூரம் அரை மணிப் பயணம்தான். தீபத்துக்கு மூன்று நாள் முன்னே பாதிச் சரக்கும், வானத்தைப் பார்த்துவிட்டு அன்று காலை மீதியும் அனுப்பலாம். வண்டிச் செலவு கொஞ்சம் கூடும். அதைக் கடைக்காரர்கள் நான்கைந்து பேர் சேர்ந்து பங்கிட்டுக் கொள்ளலாம். கட்டுப் பிரிக்காத மூட்டையை மறுநாளே திருப்பி எடுத்துக் கொள்வதாக மொத்தக் கடைகள் ஒப்புக்கொண்டால், பயந்து பயந்து சரக்கு எடுக்கும் சிறு கடைக்காரரும் துணிந்து ஆர்டர் கொடுப்பார். வரும் ஐப்பசிக் கூட்டத்தில் இதைப் பேச இரு தரப்பாரும் வர வேண்டுகிறோம்.