வானியல் ஒளிப்படங்களை மெருகேற்றுதல்

வானியல் ஒளிப்படங்களை மெருகேற்றுதல் என்பது, தொலைநோக்கியோ செயற்கைக்கோளோ பதிவு செய்த மங்கலான ஒளியைக் கணினியின் துணையால் தெளிவான படமாக மாற்றும் பணியாகும். இதில் எது முறை, எது முறைகேடு என்பது, செய்த மாற்றத்தைச் சொல்கிறோமா மறைக்கிறோமா என்பதைப் பொறுத்தது.

நுட்பங்கள்

அடுக்குதல்: ஒரே காட்சியைப் பல முறை படமெடுத்து, ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்திச் சராசரி காண்பது. 16 படங்களை அடுக்கினால் தற்செயல் இரைச்சல் நான்கில் ஒரு பங்காகக் குறையும்.

இருட்படம் கழித்தல்: மூடியைத் திறக்காமல் எடுத்த படத்தைக் கழித்து, கேமராவின் சொந்தக் குறைகளை நீக்குவது.

பொலிவு நீட்டல்: மங்கலான பகுதிகளின் பொலிவைக் கூடுதலாக உயர்த்துவது. நெபுலாக்களின் மெல்லிய விளிம்புகள் இவ்வாறே புலப்படுகின்றன.

நிறம் வகுத்தல்

சிவகாசி, எம். புதுப்பட்டி வட்டாரத்துப் பேன்சி ரகப் பட்டாசுகளில் ஸ்டிரான்சியம் உப்பு சிவப்பையும், செம்பு உப்பு நீலத்தையும் தருகின்றன. நெபுலாவிலும் ஒவ்வொரு தனிமமும் தனக்குரிய நிறத்தில் ஒளிர்கிறது. ஆனால் ஹைட்ரஜன் (656 நானோமீட்டர்), கந்தகம் (672 நானோமீட்டர்) இரண்டின் ஒளியும் சிவப்பே. அவற்றைப் பிரித்துக் காட்ட, ஹபிள் தொலைநோக்கி 1995இல் எடுத்த கழுகு நெபுலாப் படத்தில் கந்தகத்துக்குச் சிவப்பும் ஹைட்ரஜனுக்குப் பச்சையும் ஆக்சிஜனுக்கு நீலமும் வகுக்கப்பட்டன. விளக்கக் குறிப்பு உள்ளவரை இது நேர்மையான முறையே.

குறிப்பு நீங்கிய படம்

ஆண்டுதோறும் ‘தீபாவளி இரவில் இந்தியா’ என்று ஒரு வண்ணப்படம் பரவுகிறது. அது ஒரே இரவில் எடுக்கப்பட்டதன்று. அமெரிக்காவின் நோவா அமைப்பைச் சேர்ந்த கிறிஸ் எல்விட்ஜ், செயற்கைக்கோள் தரவுகளைக் கொண்டு மக்கள்தொகை வளர்ச்சியைக் காட்ட 2003இல் உருவாக்கிய கூட்டுப்படம் அது. 1992க்கு முன்பே இருந்த விளக்குகள் வெள்ளை, 1992இல் தென்பட்டவை நீலம், 1998இல் பச்சை, 2003இல் சிவப்பு. ஆண்டுகளைக் குறித்த நிறங்கள், குறிப்பு நீங்கியதும் மத்தாப்பு வெளிச்சமாகிவிட்டன.

2012 நவம்பர் 12 இரவில் சுவோமி என்பிபி செயற்கைக்கோள் எடுத்த இந்தியப் படத்தை நாசா வெளியிட்டது. தீபாவளியின் கூடுதல் ஒளி விண்வெளியிலிருந்து ஏறத்தாழப் புலப்படாது என அது விளக்கியது. நகர விளக்குகள் தெரிவதற்காக அப்படத்தின் பொலிவு கூட்டப்பட்டதையும் உடன் தெரிவித்தது.

அறநெறிகள்

1. அடுக்கல், நீட்டல், நிறம் வகுத்தல் ஆகியவற்றைக் குறிப்பில் தெரிவிக்க வேண்டும்.
2. வெவ்வேறு நேரத்தில் எடுத்தவற்றை இணைத்தால் ‘கூட்டுப்படம்’ என எழுத வேண்டும்.
3. தரவில் இல்லாத விண்மீனையோ நுண்விவரத்தையோ சேர்க்கக் கூடாது. செயற்கை நுண்ணறிவுச் செயலிகளுக்கும் இது பொருந்தும்.
4. மூலப்படத்தை அழிக்காமல் காக்க வேண்டும்.
5. பிறர் படத்தைப் பகிரும்போது அதன் குறிப்பையும் சேர்த்தே பகிர வேண்டும்.