ஏரிக்கரை வீட்டுத் தோட்டம்: மருந்தடிக்கும் முன் பறவைகளைப் பாருங்கள்!

ஏரிக்கரை ஊர்களில் வீடு வைத்திருப்பவர்களுக்குப் பங்குனி மாதம் நல்ல காலம். அறுவடை வேலை ஓரளவு ஓய்ந்திருக்கும். தைப்பட்டத்தில் நட்ட கத்தரி, வெண்டை, கொத்தவரை காய்ப்பில் இருக்கும். ஏரியில் தண்ணீர் வற்றத் தொடங்குவதால் பறவைகளும் கரையோரமாக இரை தேடும். இந்தச் சமயத்தில் ஒரு சனி, ஞாயிறை வீட்டுத் தோட்டத்துக்கென ஒதுக்கினால் பூச்சிமருந்துச் செலவைப் பெருமளவு குறைக்கலாம்.

ஏரியை ஒட்டிய கிராமம் ஒன்றில் 5 சென்ட் கத்தரி போட்டிருந்த விவசாயி ஒருவர், வாரம் தவறாமல் மருந்தடித்தும் காய்ப்புழு குறையவில்லை என்றார். பேச்சுவாக்கில், "முன்னெல்லாம் கரிச்சான் குருவி வேலியிலேயே உக்காந்திருக்கும் ஐயா. இப்போ ஒண்ணையும் காணோம்" என்றும் சொன்னார். இரண்டும் வெவ்வேறு விஷயம் என்று அவர் நினைத்திருந்தார். ஆனால் இரண்டுக்கும் தொடர்பு உண்டு. மருந்தால் வெளியில் திரியும் பூச்சிகள் செத்துவிடும். இரை இல்லாத இடத்துக்குப் பறவை வராது. தண்டுக்குள்ளும் காய்க்குள்ளும் இருக்கும் புழுவோ மருந்துக்குத் தப்பி, அந்துப்பூச்சியாக வெளிவந்து மறுபடியும் முட்டையிடும். அப்போது அதைப் பிடித்துத் தின்னக் கரிச்சான் அங்கே இருக்காது.

சனிக்கிழமை காலை: அரை மணி நேரம் பாருங்கள்

விடிந்ததும் தோட்டத்துக்குள் இறங்காமல் ஓர் ஓரமாக அமர்ந்து, எந்தப் பறவை எங்கே இரை எடுக்கிறது என்று கவனியுங்கள்.

* கரிச்சான் (இரட்டைவால் குருவி) உயரமான இடத்தில் அமர்ந்து, பறந்து பறந்து திரும்பினால் அந்துப்பூச்சி, வெட்டுக்கிளி போன்றவை நடமாடுகின்றன என்று பொருள்.
* கொண்டலாத்தி தன் நீண்ட அலகால் பாத்தியைக் குத்திக்கொண்டிருந்தால் மண்ணுக்குள் புழுவோ கூட்டுப்புழுவோ இருக்கிறது.
* தவிட்டுக் குருவிகள் கூட்டமாகச் சருகைக் கிளறினால் அங்கே பூச்சிகளும் புழுக்களும் ஒளிந்திருக்கின்றன.
* உண்ணிக்கொக்கு, மைனா இரண்டும் மண்ணைக் கொத்தும்போதும் தண்ணீர் பாய்ச்சும்போதும் பின்னாலேயே வந்து, வெளிவரும் பூச்சிகளைப் பொறுக்கும்.
* நத்தைக்குத்தி நாரை வயலில் இறங்கினால் விரட்டாதீர்கள். அது தேடி வருவது நத்தையைத்தான்.

பிறகு செடிகளைப் பாருங்கள்

பறவைகளால் எல்லாப் பூச்சியையும் கட்டுப்படுத்த முடியாது. கத்தரித் தண்டுக்குள் புகுந்த புழு பறவைக்கு எட்டாது. அசுவினி, வெள்ளை ஈ போன்ற சிறு பூச்சிகளையும் பறவைகளை நம்பி விட்டுவிட முடியாது. அங்கே நம் கைதான் வேலை செய்ய வேண்டும்.

தோட்டத்தில் பரவலாகப் பத்துச் செடிகளைச் சோதியுங்கள். ஒன்றிரண்டில் மட்டும் நுனித்தண்டு வாடியிருந்தால், வாடிய பகுதிக்குச் சற்றுக் கீழே கிள்ளி எடுத்து எரித்துவிடுங்கள். ஓட்டை விழுந்த காய்களையும் பறித்து அழியுங்கள். வேலியோரம் எறிந்தால் புழு உயிரோடு இருந்து மறுபடியும் பெருகும். வெள்ளை ஈ தென்பட்டால் மஞ்சள் ஒட்டும் பொறி வையுங்கள்.

பாதிப்பு கூடுதலாக இருந்தால் 5 சதவீத வேப்பங்கொட்டைச் சாறு தெளிக்கலாம். 10 லிட்டர் தெளிப்புக்கு அரை கிலோ வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து, இரவு முழுவதும் தண்ணீரில் ஊறவைத்து, மறுநாள் வடிகட்டி 10 லிட்டராக்கி, சிறிது காதி சோப்புக் கரைசல் சேர்த்து மாலையில் தெளிக்க வேண்டும். சனிக்கிழமை இரவு ஊறவைத்தால் ஞாயிறு மாலை தெளித்துவிடலாம்.

ஞாயிற்றுக்கிழமை: பறவை வர வழி செய்யுங்கள்

'டி' வடிவில் குச்சிகளைக் கட்டி, செடிகளைவிட ஓரிரு அடி உயரமாக இருக்கும்படி நடுங்கள். ஏக்கருக்கு 20 என்பது கணக்கு. 5 சென்டுக்கு ஒன்றிரண்டு போதும். கம்பு, சோளம் போட்டிருப்பவர்கள் கதிர் பால் பிடிக்கும் முன் குச்சிகளை எடுத்துவிட வேண்டும். இல்லையென்றால் தானியம் தின்னும் பறவைகளுக்கு அதுவே வசதியாகிவிடும்.

அறுவடை முடிந்த பாத்தியைக் காலையில் கொத்திவிடுங்கள். மண்ணில் உள்ள கூட்டுப்புழுக்கள் வெளியே வந்து பறவைகளுக்கு இரையாகும். நிழலில் அகலமான மண்சட்டி வைத்து இரண்டு அங்குல உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றுங்கள். கொசு முட்டையிடாமல் இருக்கத் தினமும் தண்ணீரை மாற்றுங்கள்.

சேதம் செய்யும் பறவைகளை என்ன செய்வது?

விதைத்த இடத்தைப் புறாவும் மயிலும் கிளறுவது உண்மைதான். மாலையில் விதைத்து, முளைக்கும்வரை தென்னங்கீற்றால் மூடி வையுங்கள். கொய்யாவைக் கிளியிடமிருந்து காக்கக் காய்களுக்குத் துணிப்பை கட்டலாம். விஷம் வைப்பது மட்டும் கூடவே கூடாது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-இன்படி மயிலைக் கொல்வது குற்றம். கார்போபியூரான் போன்ற குருணை மருந்தை மண்ணின் மேல் சிதற விட்டால், அதைத் தானியம் என்று பொறுக்கும் பறவைகள் இறந்துவிடும். மோனோகுரோட்டோபாஸைக் காய்கறிகளில் பயன்படுத்த 2005-லேயே தடை வந்துவிட்டது.

எந்த மருந்தானாலும் தெளிப்பானை ஏரியிலோ வாய்க்காலிலோ கழுவாதீர்கள். அந்த விஷம் மீனுக்குப் போகும், பறவைக்குப் போகும், நம் ஆடுமாடு குடிக்கும் தண்ணீருக்கும் வந்து சேரும்.

வேடந்தாங்கல் காட்டும் வழி

செங்கல்பட்டு மாவட்டம் வேடந்தாங்கல் மக்கள் பறவைகளைக் காப்பது இன்று நேற்றுத் தொடங்கியது அல்ல. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே, ஏரியில் பறவைகளைச் சுடக்கூடாது என்று ஆங்கிலேய அதிகாரிகளிடம் முறையிட்டு உத்தரவு பெற்றவர்கள் அவர்கள். தீபாவளிக்குக்கூடப் பட்டாசு வெடிப்பதில்லை. இதில் அவர்களுக்குப் பலனும் உண்டு. பறவை எச்சத்தில் தழைச்சத்தும் மணிச்சத்தும் இருக்கின்றன. எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் பாயும் வயலுக்கு அது உரமாகிறது. 2022-இல் இந்த ஏரி ராம்சர் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது.

உங்கள் ஊர் ஏரியிலும் மரங்களில் கூடுகள் இருக்கலாம். பங்குனியில் பல கூடுகளில் குஞ்சுகள் இருக்கும். கரையில் நின்று பாருங்கள், மரத்தடிக்குப் போகாதீர்கள். பறவைகள் கூட்டமாக இறந்து கிடந்தால் கையால் தொடாமல் கால்நடை மருத்துவருக்கும் வனத்துறைக்கும் உடனே தெரிவியுங்கள். வீட்டுக் கோழிகளை அந்தப் பக்கம் விடாதீர்கள்.

அந்தக் கத்தரி விவசாயியிடமும் இதைத்தான் சொன்னேன். அடுத்த முறை தெளிப்பானைத் தோளில் மாட்டும் முன், ஒரு காலை அரை மணி நேரம் தோட்டத்து ஓரமாக உட்கார்ந்து பாருங்கள். பிறகு பத்துச் செடிகளைச் சோதியுங்கள். மருந்து தேவையா, கிள்ளி எறிந்தால் போதுமா என்பது அப்போதே தெரிந்துவிடும். மேலும் விவரம் வேண்டுவோர் அருகிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்தையோ வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்தையோ அணுகலாம்.