வெந்நீருக்கு வெயில் உண்டு; இன்வெர்ட்டர் எது?

காற்றிலுள்ள வெப்பத்தை இழுத்துத் தண்ணீரைக் காய்ச்சும் சாதனம் 'ஹீட் பம்ப்'. கெய்சருக்குச் செலவாகும் மின்சாரத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கே இதற்குப் போதும். கூரைமீதுள்ள சூரியத் தகடுகளைக் கொண்டே ஓட்டிவிடலாம்.

ஆனால் இன்வெர்ட்டர் வாங்கும்போதுதான் பலர் ஏமாந்துவிடுகிறார்கள். ஓடும்போது 600 வாட் கேட்கும் சாதாரணக் கம்ப்ரசர், கிளம்பும் கணத்தில் பல மடங்கு கேட்கும். 800 வாட் இன்வெர்ட்டர் போதுமென்று வாங்கினால், கம்ப்ரசர் கிளம்புவதற்குள் அது நின்றுவிடும், கைக்காசுதான் வீண்! சதுர அலை இன்வெர்ட்டர் மலிவுதான். ஆனால் மோட்டார் சூடேறிக் கெடும். சைன் அலை தருவதே ஏற்றது. தொட்டிக்குள் 1500 வாட் ஹீட்டர் கம்பியும் இருந்தால், அதையும் கணக்கில் சேர்க்கவேண்டும்.

நண்பகலில் ஓட்டினால் வெயிலும் மிகுதி, காற்றும் சூடு. மாலைக்கு வேண்டிய வெந்நீர் தொட்டியிலேயே தங்கும். அதற்கென்று பெரிய பாட்டரி எதற்கு?

கடைக்காரரிடம் முதலில் கேட்கவேண்டியது இதுதான்: "கிளம்பும்போது எவ்வளவு இழுக்கும்?"