சென்னையிலிருந்து மணிலாவுக்குச் சென்ற சிப்பாய்கள்

எட்டாம் வகுப்பு சமூக அறிவியலில் மூன்றாம் கர்நாடகப் போரை நடத்தும்போது, ஐரோப்பாவின் ஏழாண்டுப் போரோடு (1756-1763) அதைத் தொடர்புபடுத்துகிறோம். அதே போரின் இன்னொரு கிளை சென்னையிலிருந்து புறப்பட்டுப் பிலிப்பைன்ஸ் வரை நீண்டது. இதையும் மாணவர்களுக்குச் சொல்லலாம்.

பிலிப்பைன்ஸ் தீவுகள் 1565 முதல் ஸ்பெயின் ஆட்சியில் இருந்தன. மெக்சிகோவின் வெள்ளி மணிலாவுக்கு வந்தது. சீனப் பட்டும் சோழமண்டலக் கரையின் பருத்தித் துணியும் அங்கிருந்து கப்பலேறின. இந்த வணிகத்தில் பொருளீட்டிய ஆர்மீனிய வணிகர் பெட்ரஸ் உஸ்கான், 1726இல் சைதாப்பேட்டையில் அடையாற்றின் குறுக்கே மர்மலாங் பாலத்தைக் கட்டினார். இன்றைய மறைமலை அடிகள் பாலம் அதே இடத்தில்தான் உள்ளது.

1762இல் ஸ்பெயினும் போரில் இறங்கியது. வில்லியம் டிரேப்பர் தலைமையில் சென்னையிலிருந்து கிளம்பிய ஆங்கிலப் படை, செப்டம்பரில் மணிலா விரிகுடாவை அடைந்தது. அக்டோபரில் நகரம் வீழ்ந்தது. போர் மூண்ட செய்தியே அதுவரை மணிலாவுக்கு முறையாகப் போய்ச் சேரவில்லை. படையில் ஆங்கிலேயரோடு கம்பெனியின் சிப்பாய்களும் இருந்தனர். அச்சமயம் இலோகோஸ் பகுதி மக்கள் தியேகோ சிலாங் தலைமையில் ஸ்பெயினை எதிர்த்து எழுந்தனர். 1763இல் அவர் கொல்லப்பட்டபின், மனைவி கேப்ரியேலா போராட்டத்தைத் தொடர்ந்து நடத்தி, அதே ஆண்டில் தூக்கிலிடப்பட்டார். நம் வேலுநாச்சியாரோடு ஒப்பிட்டுப் பேச ஏற்ற வரலாறு இது.

பாரிஸ் உடன்படிக்கைப்படி 1764இல் ஆங்கிலேயர் வெளியேறினர். சிப்பாய்களில் ஒரு பகுதியினர் திரும்பவில்லை. மணிலாவை அடுத்த கைந்தா என்னும் ஊரில் தங்கி, உள்ளூர்ப் பெண்களை மணந்தனர். அவர்களின் வழித்தோன்றல்கள் இன்று பிலிப்பினோ மக்களாகவே வாழ்கின்றனர்.

மொழியுறவு இதைவிடப் பழையது. தகலோக் மொழியில் ஆசிரியர் 'குரோ', முகம் 'முகா', நம்பிக்கை 'ஆசா', மாம்பழம் 'மங்கா'. லகுனா செப்பேட்டில் சக ஆண்டு 822, அதாவது கி.பி. 900 குறிக்கப்பட்டுள்ளது.

பிள்ளைப்பாக்கம், ஒரகடம் போன்ற தொழிற்பேட்டைப் பகுதிகளில் இச்செய்திக்கு வேறொரு பயனும் உண்டு. பெற்றோரின் வேலைக்காக ஒடிசா, பீகாரிலிருந்து வந்த பிள்ளைகள் நம் வகுப்புகளில் அமர்ந்திருக்கிறார்கள். 'இந்திக்காரப் பையன்' என்ற பட்டப்பெயரே சிலருக்குப் பெயராகிவிடுகிறது. நம்மவரும் ஒருகாலத்தில் மொழி தெரியாத ஊரில் போய் நின்றவர்களே என்று அறியும் மாணவன், பக்கத்து இருக்கையை வேறு விதமாகப் பார்ப்பான்.

செயல்பாடு எளிது. ஆசிய வரைபடத்தில் சென்னை, மணிலா இரண்டையும் குறித்துக் கடல்வழியை வரையச் செய்யலாம். பிறகு, ஒவ்வொரு மாணவரும் தம் குடும்பம் இவ்வூருக்கு வந்த வழியைத் தாத்தா, பாட்டியிடம் கேட்டு வரையட்டும். உள்ளூர்ப் பிள்ளைகளின் படத்திலும் ஏதேனும் ஒரு பயணம் இருக்கும். முகம், ஆசை ஆகியவற்றுக்கு ஒடியாவிலும் இந்தியிலும் என்ன சொல் என்பதை அப்பிள்ளைகளே கரும்பலகையில் எழுதட்டும். அன்று அவர்களே 'குரோ'.