பாட்டியின் வீணையும் படுக்கையறை ஏர்கோனும்

பத்து காவானில் எங்கள் வீட்டில் பாட்டி வாசித்த தஞ்சாவூர் வீணை ஒன்று இருக்கிறது. பலா மரம், நுனியில் யாளி முகம். அரை நூற்றாண்டுக்கு மேலாகக் கடல்காற்றைத் தாங்கிய அந்த வீணையை, பத்திரமாக இருக்கட்டும் என்று ஏர்கோன் அறைக்கு மாற்றினோம். சில மாதங்களில் குடமும் தண்டியும் சேரும் இடத்தில் மயிரிழை விரிசல்.

ஈரம்தான் எதிரி என்று நினைத்திருந்தோம். பினாங்கில் காற்றின் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டைத் தொடும். மரம் அதைக் குடித்துப் பருத்து, அப்படியே பழகிவிடும். கெடுப்பது ஏற்ற இறக்கம்தான். இரவெல்லாம் ஏர்கோன் காற்றை உலர்த்துகிறது. காலையில் சன்னலைத் திறந்தால் மறுபடி ஈரம். மரம் நீளவாக்கில் அவ்வளவாக மாறாது, குறுக்குவாக்கில்தான் சுருங்கி விரியும். ஒட்டு வீணையில் துண்டுகள் ஆளுக்கொரு பக்கம் இழுக்க, இணைப்பு விட்டுவிடுகிறது. ஒரே மரத்தில் குடைந்த ஏகாண்ட வீணைக்கு இந்தத் தொல்லை குறைவு. விலைதான் தொல்லை!

17ஆம் நூற்றாண்டில், இரகுநாத நாயக்கர் காலத்தில் நிலைபெற்றதாகச் சொல்லப்படும் 24 மெட்டுகளையும் தாங்குவது மெழுகு. வெயிலில் நிற்கும் காரில் வைத்தால் அது இளகி மெட்டு நகரும். பிறகு மேளம் கட்டத் தெரிந்தவரைத் தேடி அலைய வேண்டும்.

பிளாஸ்டிக் உறையும் வேண்டாம். உள்ளே வேர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும். பருத்தித் துணி போதும்.

இப்போது வீணை மறுபடி கூடத்தில், வெளிச்சுவரைத் தொடாமல், மரப்பலகை மேல் இருக்கிறது. விரிசலை இன்னும் ஒட்டவில்லை. மரம் முதலில் பழைய ஈரத்துக்குத் திரும்பட்டும்.