வானத்துக்கும் ஒரு கால அட்டவணை உண்டு

சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு மரினா அணைக்கட்டில் பட்டம் விடலாம் என்று ஒரு வாரத்துக்கு முன்பே பேசி முடித்திருப்பார்கள். மூன்றரை மணிக்கு வானம் இருட்டும். நான்கு மணிக்கு இடி முழங்கும். நாலேகாலுக்கு வாட்ஸ்அப் குழுவில், “சரி, இன்னொரு நாள் பார்க்கலாம்” என்று ஒரு தகவல் வரும். அந்த ‘இன்னொரு நாள்’ பெரும்பாலும் வருவதே இல்லை. அடுத்த வாரம் ஒருவருக்குத் தேர்வு, இன்னொருவருக்குப் பகுதிநேர வேலை.

மாணவர்களின் வெளிப்புறப் பொழுதுபோக்குகள் பல இப்படித்தான் அணைந்துபோகின்றன. ஆர்வம் குறைவதில்லை, இரண்டு மூன்று முறை மழையில் கலைந்த திட்டத்தை மறுபடி யாரும் எடுத்துக் கட்டுவதில்லை. கேட்டால், “இந்த ஊர் வானிலையை நம்பவே முடியாது” என்போம்.

ஆனால், சிங்கப்பூர் வானிலை ஆய்வகத்தின் பல்லாண்டுப் பதிவுகளைப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. இங்கு ஆண்டில் ஏறத்தாழ 170 நாள்கள் மழை பெய்கிறது. அதாவது, ஏறக்குறைய இரண்டு நாளுக்கு ஒரு நாள். எனினும் அந்த மழை எந்த மாதத்தில், எந்த நேரத்தில், எந்தத் திசையிலிருந்து வரும் என்பதில் ஓர் ஒழுங்கு இருக்கிறது. பள்ளிக்கு இருப்பதைப்போல வானத்துக்கும் ஒரு கால அட்டவணை உண்டு.

தேக்கா பார்த்த முதல் விமானம்

வானத்தைப் பார்த்துத் திட்டமிடுவது நம் வட்டாரத்துக்குப் புதிதன்று. லிட்டில் இந்தியாவில் உள்ள ரேஸ் கோர்ஸ் ரோட்டின் பெயர், 1933 வரை ஃபேரர் பார்க்கில் இயங்கிய குதிரைப் பந்தயத் திடலால் வந்தது. 1911 மார்ச் 16ஆம் தேதி, பெல்ஜிய விமானி ஜோசஃப் கிறிஸ்டியேன்ஸ் அந்தத் திடலில்தான் சிங்கப்பூரின் முதல் விமானப் பறத்தலை நிகழ்த்தினார். மரச்சட்டமும் துணியும் கொண்ட அவரது விமானத்தின் பெயர் ‘பாக்ஸ்கைட்’. பெட்டிப் பட்டம் என்று பொருள்.

1919 டிசம்பர் 4ஆம் தேதி, இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்குப் பறந்த ராஸ் ஸ்மித்தின் குழுவும் அதே திடலில் தரையிறங்கியது. பெரிய விமானத்துக்குத் திடல் சிறியது. எனவே, இறங்கும்போது பென்னட் என்ற இயந்திர வல்லுநர் விமானத்தின் முதுகில் சறுக்கி வால்பகுதிக்குப் போய், தம் எடையால் அதைத் தாழ்த்தி, விமானம் விரைவில் நிற்க உதவினார். அவர்களிடம் ராடார் இல்லை, கைப்பேசி இல்லை. நம் சட்டைப் பையில் இரண்டும் இருக்கின்றன.

நான்கு பருவம், நான்கு பாடம்

“ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும்”, “ஐப்பசி அடைமழை” என்று பாட்டி சொல்லிக் கேட்டிருப்போம். அவை தமிழ்நாட்டு வானத்தின் கால அட்டவணை. சிங்கப்பூருக்கு உரியதை இப்படிச் சுருக்கலாம்.

டிசம்பர் முதல் மார்ச் தொடக்கம் வரை வடகிழக்குப் பருவக்காற்று. டிசம்பரிலும் ஜனவரியிலும் சில முறை நாள்கணக்கில் விடாமல் பெய்யும். பொங்கல் கடந்து சில நாள்களில் மழை குறையத் தொடங்கும். காற்று மட்டும் நிற்காது. சராசரிக் கணக்கில் ஆண்டின் மிக வறண்ட மாதம் பிப்ரவரி. பட்டம், பாய்மரச் சறுக்கு போன்ற காற்றை நம்பும் பொழுதுபோக்குகளுக்கு அதுவே பொற்காலம்.

மார்ச் பிற்பாதி முதல் மே வரை பருவக்காற்றுகளுக்கு இடைப்பட்ட காலம். காற்று மந்தம், வெயில் கடுமை. இங்குப் பதிவான ஆக அதிக வெப்பநிலையான 37 டிகிரி செல்சியஸ், 1983 ஏப்ரலிலும் 2023 மே மாதத்திலும் பதிவானது. காலையில் தரை சூடாகி, ஈரக்காற்று மேலெழுந்து, பிற்பகலில் இடிமேகமாகத் திரளும். ஆகவே, சைக்கிளோட்டமோ காற்பந்தோ எதுவானாலும் காலையில் முடித்துவிட வேண்டும்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று. இங்கே பாடம் தலைகீழ். சுமத்ராவிலும் மலாக்கா நீரிணையிலும் இரவில் உருவாகும் இடிமேக வரிசை, விடியற்காலையிலோ காலையிலோ மேற்கிலிருந்து வந்து மோதும். ‘சுமத்ரா காற்று’ எனப்படும் அது வழக்கமாக மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வேகத்தில் வீசி, ஓரிரு மணி நேரத்தில் கடந்துவிடும். 2024 செப்டம்பர் 17ஆம் தேதி மாலை வீசியபோது 83.2 கிலோமீட்டர் வேகம் பதிவாகி, தீவு முழுவதும் மரங்கள் சாய்ந்தன. இந்த மாதங்களில் காலை ஏழு மணித் திட்டம் கலைந்தால் மனம் தளர வேண்டாம். பதினொரு மணிக்கே வானம் தெளிந்துவிடக்கூடும். ஆனால் இதே பருவத்தில்தான் புகைமூட்டமும் வரும். 2015 செப்டம்பர் 25ஆம் தேதி அதன் காரணமாகப் பள்ளிகளே மூடப்பட்டன.

அக்டோபரும் நவம்பரும் மீண்டும் இடைக்காலம், பிற்பகல் இடிமழை. தீபாவளிச் சந்தைக்குப் போகும்போது குடை எடுத்துப்போகச் சொல்லும் அம்மா, வானிலை அறிவியலைத்தான் பேசுகிறார்.

மின்னலோடு பேரம் இல்லை

மழையில் நனைந்தால் சளி பிடிக்கும், அவ்வளவுதான். மின்னல் அப்படியன்று. உலகில் மின்னல் மிக அதிகம் ஏற்படும் இடங்களில் சிங்கப்பூரும் ஒன்று. 2004 ஜூலையில், எஸ் லீக் குழுவான சின்சி எஃப்சியின் இளம் ஆட்டக்காரர் ஒருவர் பயிற்சியின்போது மின்னல் தாக்கி உயிரிழந்தார். அவரும் நம் வயதுக்காரர்தான்.

தேசிய சேவையில் இருக்கும் அண்ணன்களிடம் ‘கேட் ஒன்’ என்று சொல்லிப் பாருங்கள், முகம் மலரும். மின்னல் எச்சரிக்கை வந்ததும் வெளிப்புறப் பயிற்சி நிற்கும் என்பது அதன் பொருள். ராணுவமே நிறுத்துகிறது என்றால், புளோக்குக்குக் கீழே உள்ள திடலில் ஐந்துக்கு ஐந்து ஆடும் நாம் தொடர்வதற்கு என்ன நியாயம்?

‘30-30’ விதியை நினைவில் வைக்கலாம். மின்னலைக் கண்டதும் எண்ணத் தொடங்குங்கள். 30 விநாடிக்குள் இடி கேட்டால், மின்னல் ஏறத்தாழ 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. உடனே கட்டடத்துக்குள்ளோ வாகனத்துக்குள்ளோ போக வேண்டும். கடைசி இடி கேட்டு 30 நிமிடங்கள் ஆகும் வரை வெளியே வரக்கூடாது. மரத்தடி பாதுகாப்பன்று. ஈரமான பட்டக் கயிறும் மின்சாரத்தைக் கடத்தும்.

மலையேறிப் பறக்க விரும்புவோருக்கு

பாராகிளைடிங் காணொளிகளைப் பார்த்து ஏங்கும் நண்பர்கள் எனக்குண்டு. சிங்கப்பூரில் அதற்கு வாய்ப்பில்லை. நம் ஆக உயர்ந்த குன்றான புக்கிட் தீமாவே 164 மீட்டருக்குள்தான். ஆகாயமோ விமானங்களால் நிரம்பியது. பட்டம்கூட விமான நிலையத்திலிருந்தோ ஆகாயப்படைத் தளத்திலிருந்தோ 5 கிலோமீட்டருக்குள்ளும், 60 மீட்டருக்கு மேலும் அனுமதியின்றிப் பறக்கக்கூடாது.

ஆகவே, இங்குள்ளவர்கள் விடுமுறையில் வெளிநாடு போகிறார்கள். இந்தியாவின் இமாச்சலப் பிரதேசத்தில் உள்ள பீர் பில்லிங் உலகப் புகழ்பெற்றது. சுமார் 2,400 மீட்டர் உயரத்தில் பில்லிங்கில் ஓடி எழும்பி, கிட்டத்தட்ட ஆயிரம் மீட்டர் கீழே பீரில் இறங்குவார்கள். ஆனால், ஆண்டுதோறும் ஜூலை நடுப்பகுதியிலிருந்து செப்டம்பர் நடுப்பகுதி வரை மழைக்காலத்தை முன்னிட்டு அங்குப் பறக்கத் தடை. நம் பல்கலைக்கழக விடுமுறை மே மாதத்திலிருந்து ஆகஸ்ட் தொடக்கம் வரை. விமானச்சீட்டு மலிவாக இருக்கிறதென்று ஜூலை இறுதியில் வாங்கினால், மலையைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

அந்தத் தடையின் காரணத்தை 2007 பிப்ரவரியில் ஆஸ்திரேலியாவின் மனில்லாவில் நடந்த சம்பவம் விளக்கும். உலகப் போட்டிக்கான பயிற்சியில் இருந்த ஜெர்மன் குழு வீராங்கனை இவா விஸ்னியர்ஸ்காவை இடிமேகம் ஒன்று மேலே இழுத்துச் சென்றது. அவர் போன உயரம் 9,946 மீட்டர், எவரெஸ்ட்டைவிட அதிகம். அரைமணி நேரத்துக்கும் மேல் நினைவிழந்து, உடலில் பனிக்கட்டி படிந்த நிலையில் எப்படியோ உயிர் தப்பினார். அன்று அதே புயலில் சிக்கிய சீன வீரர் ஒருவர் உயிர் பிழைக்கவில்லை. இருவரும் கற்றுக்குட்டிகள் அல்லர். பிற்பகலில் தோ பாயோவுக்கு மேலே நாம் காண்பதும் அதே இனத்து மேகம்தான்.

திட்டத்தை மூன்று முறை பார்ப்போம்

வானிலையை மாற்ற முடியாது. முடிவெடுக்கும் முறையை மாற்றலாம். வானிலை ஆய்வகம் இரு வாரங்களுக்கு ஒருமுறை பொதுவான முன்னுரைப்பை வெளியிடுகிறது. நாளைத் தேர்ந்தெடுக்க அது போதும். நான்கு நாள் முன்னுரைப்பைப் பார்த்து நேரத்தை உறுதிசெய்யலாம். புறப்படும் முன், ‘மைஇஎன்வி’ செயலியில் அடுத்த இரண்டு மணி நேர முன்னுரைப்பையும் மழை ராடாரையும் பார்க்க வேண்டும். வெயில், புகைமூட்ட நிலவரமும் அதிலேயே கிடைக்கும்.

இன்னொன்று, குழுவில் ‘போகலாமா, வேண்டாமா’ என்று முடிவுசெய்யும் பொறுப்பை ஒருவரிடம் கொடுத்துவிடுவது. எத்தனை மணிக்கு முடிவு, எதைக் கண்டால் ரத்து என்பதை முன்கூட்டியே பேசிவிட்டால், கடைசி நேரத்தில் மனத்தாங்கல் வராது. ரத்துசெய்யும்போதே அடுத்த தேதியையும் குறித்துவிட வேண்டும். தேதி குறிக்காத ‘இன்னொரு நாள்’ வெறும் பேச்சு.

மழைநாளுக்கென்று ஒரு வேலையும் கைவசம் இருக்கட்டும். பட்டம் விடுபவர் பட்டம் கட்டலாம். சைக்கிளோட்டி சங்கிலியைத் துடைக்கலாம். படம் பிடிப்பவருக்கோ தேக்காதான் சரியான இடம். 1822இல் ராஃபிள்ஸ் வகுத்த நகரத் திட்டம், கடைவீடுகளின் முன்னால் வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்கக் கூரையிட்ட நடைபாதை வேண்டும் என்றது. அந்த ஐந்தடி நடைபாதையில் நின்றபடியே, ஈரத் தரையில் மின்னும் பூக்கடை வண்ணங்களையும் பஃபலோ ரோட்டில் குடைக்குக் குடை இடித்துப் போகும் கூட்டத்தையும் நனையாமல் படமெடுக்கலாம்.

ஜூன் விடுமுறைக்குத் திட்டமிடுவோர் இந்த வாரமே ஒரு வேலை செய்யலாம். நாள்காட்டியில் இரண்டு தேதிகளைக் குறியுங்கள்: ஒன்று போவதற்கு, மற்றொன்று முதல் தேதியில் மழை பெய்தால் போவதற்கு.